ஐந்தாம் இலக்கத்தின் முதுகு

நான்கு பருவம் அவனுக்குப் பின்னால் நின்றவன் நான்.
கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பவனுக்குப்
பின்கள வீரன் என்றால் முதுகுதான்.
முதுகோடு ஒட்டிய ஈர ஜேர்சி,
வால் உரிந்து தொங்கும் வெள்ளை ஐந்து,
அந்தோனியார் பதக்கத்தின் கறுத்தக் கயிறு.
பெயர் ஜூட் கிறேசியன். பாசையூர்.

முதல் பருவத்தில் ஆடியது பதினொரு நிமிடம்.
இளவாலையில், மாரி மழைக்குள்
இடது பக்கத்துக்காரன் கால் பிரண்டு விழ
மாஸ்ரர் வாங்குப் பக்கம் திரும்பினார்.
அங்கே சப்பாத்துக் கயிற்றை
இன்னும் அவிழ்க்காமல் இருந்தவன் இவன் ஒருவன்.
சப்பாத்தும் இவனுடையதில்லை,
அண்ணனின் ஒன்பதாம் அளவு,
முனையில் பேப்பர் அடைத்தது.
மூன்று தரம் பந்தைத் தொட்டான்.
மூன்று தரமும் அது வேலி தாண்டி
யாரோ ஒருவரின் வெங்காயப் பாத்திக்குள் போனது.

அடுத்த வருடம் ஏழு ஆட்டம், நான்கு மஞ்சள் அட்டை.
ஒன்பது கோல் வாங்கினோம்.
'வாங்கினோம்' என்பது அவன் சொல்லும் பன்மை.
திரும்பி வரும் பஸ்ஸில்
பாதி றோல்ஸை எனக்குப் பிய்த்துத் தந்துவிட்டு,
"காலைப் பாத்தா ஏமாந்துபோவம்,
இடுப்பைப் பாக்க வேணும்,
இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றான்.
ஒன்பது கோலில் கண்டுபிடித்ததாம்.

மூன்றாம் பருவம் நடு மையத்துக்கு வந்தான்.
ஆறு ஆட்டத்தில் என் வலைக்குள் விழுந்தது ஒன்று,
அதுவும் பெனால்டி.
என் கையுறைகள் புதிதுபோல் கிடந்தன.
மானிப்பாயின் நெடுவல் முன்களக்காரன்
இடைவேளையில் கெஞ்சியே கேட்டான்:
"உனக்கு வீடு வாசல் இல்லையோ?
என்னோடயே நிக்கிறாய்."
பேப்பரில் எங்கள் நிரோசனின் இரண்டு கோல்,
பக்கத்தில் நிரோசனின் படம்.
விழாத கோலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிறகு இறுதி ஆட்டம்.
அறுபத்தெட்டாம் நிமிடம். பூச்சியத்துக்குப் பூச்சியம்.
வலது மூலையில் இருந்து வந்த பந்து
கடற்காற்றில் தயங்கித் தயங்கி இறங்கியது.
அது என் பந்து.
நான் வெளியே வந்தேன்.
'என்ர!' என்று கத்தவேண்டும்,
ஒரு சொல்தான்.
அந்தச் சொல் தொண்டையில் நின்றது,
அவன் தலை எழும்பிய பிறகே வெளியே வந்தது.
அவன் நெற்றி பட்டு, என் விரல் நுனி தாண்டி
பந்து மெதுவாக,
வீட்டுக்குள் வரும் பூனைபோல உள்ளே போனது.

அடுத்த நாள் பேப்பரில் முதன்முதலாய் அவன் பெயர்:
'கிறிஸ்ரியன் (ஓன் கோல்)'.
நான் படலையில் தயங்கி நிற்க
அவன்தான் சிரித்தான்.
"பேரும் பிழை மச்சான்.
வேற ஆரோ அடிச்ச கோல்."

கொழும்பில் தெரிவுக்குப் போனான்,
மூன்றாம் நாள் இரவு பஸ்ஸில் திரும்பினான்.
என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.
இப்போது குருநகர் ஐஸ் பக்டரியில் இரவு வேலை.
சனிக்கிழமை பின்னேரங்களில்
ஏழு பேர் ஆட்டம், மணல் தரை.
அதே முதுகு, கொஞ்சம் அகலம், இலக்கம் இல்லை.
கோலுக்குள் நான்.

போன சனிக்கிழமை அப்படியே ஒரு பந்து வந்தது.
வலது பக்கம், காற்று, தயக்கம்.
"என்ர!"
கோயில் மதிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி
கத்தினேன்.
அவன் குனிந்து விட்டுக்கொடுத்தான்.
பந்து என் நெஞ்சில் வந்து தங்கியது.

அவன் திரும்பினான். முகம்.
உப்பும் வியர்வையும்,
காதோரம் இரண்டு நரை.
"பதினொரு வருசத்துக்குப் பிறகு
வாய் திறந்திருக்குது உனக்கு" என்றான்.

வேறொன்றும் சொல்லவில்லை.
முதுகைக் காட்டி ஓடினான்,
பந்தை எறியச் சொல்லி
பின்னால் கையை ஆட்டியபடி.